பட்வைசர் பெல்ஜியம் கைக்குப் போனதும் ருசி மாறியதா? குடிப்பவர்கள் கோபத்தில் எவ்வளவு நியாயம்?

வடிகட்டி:
2008 ஜூனில் பெல்ஜியத்தின் இன்பெவ், பட்வைசர் பீர் காய்ச்சும் ஆன்ஹைசர் புஷ்ஷின் ஒரு பங்குக்கு 65 டாலர் தருகிறோம் என்று வந்தபோதே அந்தக் கம்பெனியின் சொந்த மாநிலமான மிசூரி கொதித்துப்போனது. இணையதளம் தொடங்கிக் கையெழுத்து சேர்த்தார்கள். ஆளுநர் மேட் பிளண்ட் வெளிப்படையாக எதிர்த்தார். ஜூலையில் விலை 70 டாலராக ஏறியதும் ஆன்ஹைசர் புஷ் நிர்வாகம் தலையாட்டிவிட்டது. மொத்தம் 5,200 கோடி டாலர். நவம்பர் 18 அன்று மிசூரியின் செயிண்ட் லூயிஸ் நகரத்து பீர் பெல்ஜியத்தின் லூவன் நகரத்துக் கம்பெனியின் சொத்தானது.

அன்று முதல் குடிப்பவர்கள் சொல்லும் புகார் ஒன்றுதான்: "தண்ணியாகிவிட்டது." இதை வெறும் கொடிப்பற்று என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வாங்கிய சில வருடங்களிலேயே பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூவின் கொள்முதல் ஒப்பந்தங்களைக் குறைத்தார்கள். வில்லமெட் ரகம் போட்டிருந்த ஒரேகான், வாஷிங்டன் விவசாயிகள் பயிர்ப்பரப்பைச் சுருக்க வேண்டியதாயிற்று. ஹாப்ஸ் கொள்முதலில் கை வைத்துவிட்டு "பீர் அப்படியேதான் இருக்கிறது" என்றால் எப்படி நம்புவது?

பார்லிமணி:
வடிகட்டி, தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். பட்வைசரின் உச்சம் 1988, கிட்டத்தட்ட 5 கோடி பேரல் (ஒரு அமெரிக்க பேரல் 117 லிட்டர்). 2001-லேயே அதே கம்பெனியின் பட் லைட் அதை முந்திவிட்டது. 2013-இல் விற்பனை 1.6 கோடி பேரல் அளவில் நின்றது. இந்தச் சரிவின் முதல் இருபது வருடமும் கம்பெனி புஷ் குடும்பத்தார் கையில்தான் இருந்தது. கசப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்ததும் அவர்கள் காலத்திலேயே ஆரம்பித்துவிட்டது.

அடுத்தது செய்முறை. மாவுப்பொருளில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக அரிசி. பார்லி மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) வேலை செய்யும் சூட்டில் அரிசி மாவு சரியாக வேகாது. அதனால் அரிசியைக் கொஞ்சம் மால்ட்டோடு தனிக் கொப்பரையில் கொதிக்கவிட்டு, பிறகு பிரதான மால்ட் கரைசலில் சேர்க்கிறார்கள். நொதித்தல் முடிந்த பின் லாகரிங், அதாவது பீரைக் குளிரில் வைத்து முதிரவிடுவது. தொட்டியின் அடியில் சுருள்சுருளான பீச் மரத் துண்டுகளைப் பரப்புகிறார்கள். மர வாசம் இறங்கவே கூடாது என்று அவற்றை முன்கூட்டியே சமையல் சோடாக் கரைசலில் மணிக்கணக்கில் வேகவைத்து எடுப்பார்கள். அந்த மரம் ருசிக்காகப் போடுவதில்லை, ஈஸ்ட் உட்கார இடம் கொடுக்கத்தான். ஈஸ்ட் மொத்தமும் அடியில் ஒரே மெத்தையாகப் படிந்துவிட்டால் வெண்ணெய் வாடை தரும் டையசெட்டிலும், பச்சை ஆப்பிள் வாடை தரும் அசெட்டால்டிஹைடும் முழுசாகத் தீராமல் நின்றுவிடும். துண்டுகள் மேல் பரவி உட்கார்ந்தால் பீரோடு படும் பரப்பு கூடும், அந்த வாடைகளை ஈஸ்ட்டே தின்று தீர்க்கும்.

மிச்சம் பிடிக்க நினைக்கிறவன் முதலில் கை வைப்பது இங்கேதான். மரம் வாங்க வேண்டும், வேகவைக்க வேண்டும், தொட்டிக்குள் போட்டு எடுத்துக் கழுவ வேண்டும், தொட்டியும் மூன்று வாரம் வரை அடைபட்டுக் கிடக்கும். அந்தப் படியை இன்பெவ் நிறுத்தவில்லை.

வடிகட்டி:
மரத்தை விட்டுவைத்தார்கள், ஒத்துக்கொள்கிறேன். லேபிளிலேயே எழுதியிருப்பதை நிறுத்தினால் வெளியே தெரிந்துவிடும். ஹாப்ஸ் அளவு லேபிளில் கிடையாதே! 2013-இல் பல மாநிலங்களில் வழக்கு போட்டார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? கடைசிக் கட்டத்தில் தண்ணீர் கூட்டி, ஆல்கஹாலை லேபிளில் உள்ள 5 சதவீதத்துக்குக் கீழே இறக்குகிறார்கள் என்றுதான் குற்றச்சாட்டு.

பார்லிமணி:
அந்த வழக்கைப் படித்தவர்களைவிடத் தலைப்பை மட்டும் பார்த்தவர்கள் அதிகம். பெரிய ஆலைகளில் பீரைக் கெட்டியாகக் காய்ச்சி, அடைக்கும் முன் ஆக்சிஜன் நீக்கிய தண்ணீர் சேர்த்து அளவுக்குக் கொண்டுவருவது வழக்கம்தான். இதை வைத்து மட்டும் ஏமாற்று என்று சொல்ல முடியாது. அந்தத் தண்ணீரில் ஆக்சிஜன் மிச்சமிருந்தால் பீர் சீக்கிரம் கெடும், அதுதான் அங்கே உண்மையான ஆபத்து. வழக்கு வெளியான சில நாட்களில் சான் டியாகோவில் ஒரு ஆய்வுக்கூடம் கேன்களைச் சோதித்தது. ஆல்கஹால் லேபிளோடு பொருந்தியது. 2014-இல் ஒஹாயோ கூட்டாட்சி நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. விதிப்படி லேபிள் எண்ணிலிருந்து 0.3 சதவீதப் புள்ளி ஏறி இறங்கலாம்.

வடிகட்டி:
தள்ளுபடிக்குக் காரணம் விதி தரும் சலுகை. அதை வைத்து 2007 பீரும் 2013 பீரும் ஒன்று என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆல்கஹால் அளவு சரியாக இருந்தால் ருசியும் சரியாக இருக்கும் என்பதும் இல்லை. ஹாப்ஸைப் பாதியாக்கினாலும் ஆல்கஹால் அப்படியேதான் இருக்கும். குடிப்பவன் நாக்கு சொன்னது கசப்பையும் வாசனையையும் பற்றி. வழக்கறிஞர்கள் அதை ஆல்கஹால் வழக்காக மாற்றித் தோற்றார்கள்.

பற்றுவரவு:
இருவருமே தொட்டிக்குள் எட்டிப் பார்க்கிறீர்கள். கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் எங்கே வெட்டு விழுந்தது என்று தெரியும்.

இன்பெவ் இந்த வாங்கலுக்கு 4,500 கோடி டாலர் கடன் ஏற்பாடு செய்தது, அதுவும் 2008 நெருக்கடி நடுவில். முதலில் வருடம் 150 கோடி டாலர் மிச்சம் பிடிப்போம் என்றவர்கள் பிறகு இலக்கை 225 கோடியாக்கினார்கள். அமெரிக்காவில் இருந்த 12 ஆலைகளையும் மூடமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அப்படியானால் வேறெங்கே வெட்டுவது? டிசம்பர் 2008-இலேயே சுமார் 1,400 வேலைகள். 2009-இல் சீ வேர்ல்டு உள்ளிட்ட கம்பெனியின் கேளிக்கைப் பூங்காக்கள் பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனத்துக்குக் கைமாறின. பிறகு சப்ளையர்களுக்குப் பணம் தரும் கெடு 120 நாள் வரை நீண்டது.

இந்தக் கடைசி ஒன்றைத்தான் குடிப்பவர்கள் யாரும் பேசவில்லை. மாதம் 10 லட்சம் டாலருக்குச் சரக்கு தரும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 30 நாள் கெடு 120 நாளானால் கூடுதலாக 30 லட்சம் டாலர் எப்போதும் வெளியே நிற்கும். 8 சதவீத வட்டிக்கு வருடம் 2.4 லட்சம். வருட விற்பனையான 120 லட்சத்தில் இது 2 சதவீதம், விலையைக் குறைக்காமலே பிடுங்கிய 2 சதவீதம். லாபம் மெலிதாக ஓடும் தொழிலில் அவர் அதை எங்கே ஈடுகட்டுவார்? ஆள் குறைப்பார், இல்லை தரத்தில் கை வைப்பார். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

முத்திரை:
பற்றுவரவு சொன்னதோடு, பட்வைசரை வாங்கமாட்டோம் என்ற புறக்கணிப்பையும் சேர்த்துப் பேச வேண்டும். அமெரிக்காவில் ஆலை, டிஸ்ட்ரிபியூட்டர், கடை என்று மூன்று தனித்தனி அடுக்கு. நீங்கள் வாங்குவதை நிறுத்தினால் அடி முதலில் விழுவது லூவனில் இல்லை, உங்கள் மாவட்டத்து டிஸ்ட்ரிபியூட்டர் கிடங்கில். பாதிப்பேர் இரண்டு மூன்று தலைமுறையாக அதே ஊர்க்காரர்கள்.

சரி, மாற்று எது? மில்லர் 2002-இலேயே தென்னாப்பிரிக்க பீர் கம்பெனியான சாப் கைக்குப் போய்விட்டது. கூர்ஸ் 2005-இல் கனடாவின் மோல்சனோடு இணைந்தது. "அமெரிக்க பீர்தான் குடிப்பேன்" என்று 2008-இல் சபதம் எடுத்தவருக்கு மிஞ்சியவை யூங்லிங் (1829), செயிண்ட் லூயிஸிலேயே ஷ்லாஃப்ளி (1991) போன்றவை. அந்த ஊரில் கோபம் வீண்போகவில்லை என்பேன். ஆன்ஹைசர் புஷ்ஷில் இருந்த இருவர் 2011-இல் அர்பன் செஸ்ட்நட் ஆலையைத் தொடங்கினார்கள், ஊர் அதைத் தாங்கிப் பிடித்தது.

லேபிளைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதில் இருக்கும் ஊர்ப்பெயர் தலைமையகமாக இருக்கலாம். எந்த ஆலையில் அடைத்தது என்பது குறியீட்டு எண்ணில் மட்டும் இருக்க விதி இடம் கொடுக்கிறது. 2017 முதல் தனி ஆலைகள் தலைகீழ் பாட்டில் முத்திரை போடுகின்றன. பெரிய கம்பெனிக்கு 25 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு இருந்தால் அந்த முத்திரை கிடைக்காது.

வடிகட்டி:
லேபிள் பற்றிச் சொன்னது நல்லதாயிற்று. இதே கம்பெனியின் ஜெர்மன் பீரான பெக்ஸை 2012-இல் செயிண்ட் லூயிஸில் காய்ச்சத் தொடங்கினார்கள். "அமெரிக்கத் தயாரிப்பு" என்பதை வெள்ளி நிறத்தின் மேல் வெள்ளை எழுத்தில் போட்டார்கள், விலையோ இறக்குமதி விலை. அதன் மேல் வந்த வழக்கு 2015-இல் சமரசத்தில் முடிந்தது: வாங்கியவருக்கு ரசீது இருந்தால் 50 டாலர் வரை, இல்லாவிட்டால் 12 வரை. அடுத்த வருடமே பட்வைசர் கேனில் பெயரை எடுத்துவிட்டு "அமெரிக்கா" என்று அச்சடித்தார்கள். ஊரை விற்பனைக்குப் பயன்படுத்துகிறவர்களிடம் ஊர்க்காரன் கணக்குக் கேட்பது தப்பில்லை.

பார்லிமணி:
பெக்ஸ் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். அங்கே ஆதாரம் லேபிளிலேயே இருந்தது. பட்வைசர் ருசிக்கு அந்த மாதிரி ஆதாரம் வேண்டும் என்கிறேன்.

செய்வதென்றால் முக்கோணச் சோதனை. ஒரே நிறக் கோப்பை மூன்று, இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. வரிசையை ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும், வெப்பம் ஒன்றாக இருக்க வேண்டும். 24 பேரில் குறைந்தது 13 பேர் வேறானதைக் கண்டுபிடித்தால்தான் வித்தியாசம் இருப்பதாகக் கொள்ளலாம். 8 பேர் குருட்டாம்போக்கிலேயே சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

சிக்கல் எங்கே என்றால், எடுத்து வைத்த 2007 கேன் உதவாது. பழைய பீரில் நோனெனால் என்ற வேதிப்பொருள் கூடி ஈர அட்டைப் பெட்டி வாடை வந்திருக்கும். தொழிலில் 3-30-300 என்பார்கள்: 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள், கெடுதல் ஏறக்குறைய சமம். "ருசி மாறிவிட்டது" என்று வரும் கேனில் நான் முதலில் தேதியையும் கடை அலமாரி வெயிலையும் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

வடிகட்டி:
அப்படியானால் கசப்பை ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்க்கலாமே?

பார்லிமணி:
அளக்கலாம். பீரில் அமிலம் சேர்த்து ஐசோஆக்டேனில் பிரித்தெடுத்து, 275 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் பார்த்து 50-ஆல் பெருக்கினால் கசப்பு எண். ஆனால் கசப்பும் வைத்திருக்க வைத்திருக்கக் குறையும். 2007 கேனை இன்று அளந்தால் வருவது 2007-இன் எண் இல்லை. அன்று அடைத்த நாளில் அளந்த எண்தான் வேண்டும், அது ஆலையின் பதிவேட்டில்தான் இருக்கும்.

வடிகட்டி:
அந்தப் பதிவேட்டைத்தான் 2013 வழக்கில் கேட்டிருக்க வேண்டும். ஆல்கஹாலைப் பிடித்துக்கொண்டு கசப்பை விட்டுவிட்டார்கள்.