செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸ்: ஆடியவர்களும் நடந்தவர்களும்

கோவை உறுப்பினர்:

ஸ்காட்லாந்தின் ஃபைஃப் வட்டாரக் கடற்கரையில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸில் கால்ஃப் ஆடியதைப் பற்றி விரிவாக எழுதும்படி நண்பர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். அங்கே ஆடியவர்களும், ஆடாமல் நடந்து பார்த்தவர்களும் தத்தம் அனுபவத்தை இதன் கீழே சேர்க்க வேண்டுகிறேன்.

கடலோர மைதானம் என்றதும் நம் மனத்தில் எழும் காட்சி அங்கே இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாறை முனையில் அலை மோதிச் சிதற, அதன் மேலாகப் பந்தை அடித்தனுப்பும் கலிஃபோர்னியப் படங்களை எண்ணிக்கொண்டு போனால் ஏமாற்றமே மிஞ்சும். ஓல்டு கோர்ஸின் பெரும்பகுதியில் கடல் கண்ணில் படுவதே அரிது. மணல்மேடுகளுக்கும் பக்கத்து மைதானங்களுக்கும் அப்பால் அது ஒதுங்கிக் கிடக்கிறது. ஊட்டி ஜிம்கானாவின் சோலைச் சரிவுகளில் ஆடிப் பழகிய என் கண்ணுக்கு, முதல் டீயில், அதாவது பந்தை முதலில் அடித்துத் தொடங்கும் இடத்தில், நின்று பார்த்தபோது தெரிந்தது ஆடு மேய்ந்து முடித்த ஒரு பொட்டல்தான். அந்தப் பொட்டலில் எத்தனை வஞ்சகம் ஒளிந்திருக்கிறது என்பது இரண்டாம் ஹோலை, அதாவது டீயிலிருந்து குழி வரையிலான இரண்டாம் ஆட்டப் பகுதியை, தாண்டிய பிறகே புரியத் தொடங்கியது.

இடம் கிடைப்பதே ஒரு தனிக் கதை. ஆட விரும்பும் நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக, பிற்பகல் 2 மணிக்குள் இருவர் முதல் நால்வர் வரையிலான குழுவாகப் பெயர் கொடுக்க வேண்டும். குலுக்கல் முடிவு அன்று மாலையே தெரிந்துவிடும். கோடையில் கட்டணம் முந்நூறு பவுண்டைத் தாண்டுகிறது. மின்வண்டியில் ஏறிச் சுற்றும் வழக்கம் அங்கே இல்லை. நடந்துதான் ஆட வேண்டும். எங்கள் குழுவுக்குக் காலை நேரத்தில் இடம் கிடைத்தது. கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து, ஊரின் கோபுரங்களைப் பாதி விழுங்கியிருந்த நேரம் அது.

முதல் டீக்குப் பின்னால் 1854-இல் கட்டப்பட்ட, ஆர் அண்ட் ஏ என்ற கால்ஃப் கிளப்பின் மாளிகை நிற்கிறது. வேலியோரம் யாரென்றே தெரியாத பத்துப் பதினைந்து பேர் கைகட்டி நின்று பார்ப்பார்கள். முதல் ஹோலும் பதினெட்டாம் ஹோலும் ஃபேர்வே எனப்படும் ஒரே அகன்ற புல்வெளிப் பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டிலும் பங்கர் எனப்படும் மணற்பள்ளம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் கை நடுங்காமல் அங்கே பந்தை அடித்தவர் யாரும் இருக்க முடியாது என்றே நினைக்கிறேன். அந்த ஃபேர்வேயின் குறுக்கே ஒரு பொதுப் பாதை ஓடுகிறது. குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு கடற்கரைக்குப் போகும் ஒரு தாய் கடந்து செல்லும் வரை நாங்கள் காத்திருந்தோம். அவரோ எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கேடி எனப்படும் உதவியாளரை அமர்த்திக்கொள்வதில் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள். அங்குள்ள 112 பங்கர்களில் பல, டீயிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. அதற்கு ஒரு காரணம் உண்டு: அந்தக் காலத்தில் இந்த மைதானத்தை வலஞ்சுழியாக, இன்றைய திசைக்கு நேரெதிராக ஆடினார்கள், அன்று கண்முன் தெரிந்த பள்ளங்கள் பல இன்று மேட்டின் மறைவில் கிடக்கின்றன. எங்கள் உதவியாளர் குழியில் நட்டிருக்கும் கொடியைக் காட்டியதே இல்லை. தொலைவில் தெரியும் ஒரு தேவாலயக் கோபுரத்தையோ, ஒரு முட்புதரையோ சுட்டி, அதன் இடப்பக்கம் அடியுங்கள் என்பார். ஏன் என்று கேட்டால் அங்கே போன பிறகு சொல்கிறேன் என்பார். பெரும்பாலான ஹோல்களில் இடப்பக்கம் ஆபத்தில்லாதது. ஆனால் அங்கிருந்து, குழி உள்ள வழுவழுப்பான புல்தரையான கிரீனுக்குப் போகும் கோணம் மோசமாக இருக்கும். முட்புதர்களை உரசிக்கொண்டு வலப்பக்கம் அடிப்பவருக்குத்தான் வழி திறக்கிறது. எவ்வளவு துணிவது என்ற கணக்கை ஒவ்வொரு டீயிலும் புதிதாகப் போட வேண்டியிருப்பதுதான் இந்த மைதானத்தின் சுவை என்பது என் முடிவு.

கிரீன்களின் அளவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பதினெட்டில் பதினான்கு ஹோல்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஏழு பெரிய கிரீன்களைப் பகிர்ந்துகொள்கின்றன. சேரும் இரண்டின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 18 வரும். ஒரே கிரீனில் போகிறவர்களுக்கு வெள்ளைக் கொடி, திரும்புகிறவர்களுக்குச் சிவப்புக் கொடி. எதிரிலிருந்து வந்த ஜப்பானியக் குழு ஒன்றுக்கும் எங்களுக்கும் இடையே, யார் முதலில் ஆடுவது என்று ஐந்தாம் கிரீனில் நெடுநேரம் வணக்கப் பரிமாற்றமே நடந்தது.

பதினான்காம் ஹோலில் உள்ள ஹெல் பங்கர் ஓர் ஆளைவிட ஆழமானது. 1995-இல் ஓப்பன் எனப்படும் பிரிட்டிஷ் பட்டப் போட்டியில், அமெரிக்காவின் பெரும் வீரர் ஜாக் நிக்லாஸே அதிலிருந்து வெளியேற நான்கு அடி எடுத்துக்கொண்டு, அந்த ஹோலைப் பத்து அடியில் முடித்தார். பதினேழாம் ஹோலான ரோடு ஹோலில் முதல் அடியே ஹோட்டல் வளாகத்தின் மூலைக்கு மேலாகப் பறக்க வேண்டும். கிரீனுக்கு முன்னால் கிணறு போன்ற ஒரு பங்கர், பின்னால் தார்ச்சாலையும் கல்சுவரும். 1978 ஓப்பனில் நல்ல நிலையில் இருந்த ஜப்பான் வீரர் டாமி நகாஜிமா, கிரீனில் கிடந்த பந்தை பட் செய்ய, அதாவது குழியை நோக்கி மெல்ல உருட்டப்போக, அது உருண்டு பங்கரில் விழுந்தது. அந்த ஹோலை அவர் முடித்தது ஒன்பது அடியில். நான் அங்கே எத்தனை எடுத்தேன் என்பதை உதவியாளர் அட்டையில் எழுதியிருக்கிறார். இங்கே எழுதத் தேவையில்லை.

டண்டீயில் வசிக்கும் உறுப்பினர்:

நான் கால்ஃப் ஆடுவதில்லை. ஆயினும் டே ஆற்றுப் பாலத்தைக் கடந்து அடிக்கடி அந்த ஊருக்குப் போகிறவன் என்ற முறையில், ஆடாதவர்களின் ஓல்டு கோர்ஸைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஆட்டம் கிடையாது. அன்று அது ஊர் மக்களின் பூங்கா. நாயைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள், ஃபேர்வே நடுவே விரிப்பைப் போட்டு அமர்ந்து சாப்பிடுகிற குடும்பங்கள், ஸ்வில்கன் பாலத்தின் மேல் நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசையில் நிற்கும் சுற்றுலாப் பயணிகள் என்று எல்லாரும் அங்கே இருப்பார்கள். அந்தக் குட்டிப் பாலம் கால்ஃபுக்காகக் கட்டப்பட்டது அன்று. ஆட்டிடையர்கள் மந்தையை ஓடைக்கு அப்பால் ஓட்டிச் செல்வதற்காகப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு போட்ட கல்பாலம்.

இந்த உரிமை மக்களுக்கு எளிதில் கிடைத்துவிடவில்லை. 1457-இல் வில்வித்தைப் பயிற்சி கெடுகிறது என்று சொல்லி, கால்ஃபையும் கால்பந்தையும் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் தடை செய்தது. 1552-இல் பேராயர் ஜான் ஹாமில்டன் தந்த சாசனம், அந்த மணல்வெளியில் முயல் வளர்க்கும் உரிமையைத் தமக்கு வைத்துக்கொண்டு, விளையாடும் உரிமை ஊராருக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கடனில் மூழ்கிய நகரசபையின் கையைவிட்டு நிலம் போய், வணிகர்கள் அங்கே முயல் பண்ணை வைத்தார்கள். வளை தோண்டும் முயல்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் இடையிலான வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கால்ஃபில் பற்றுடைய ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார் 1821-இல் நிலத்தை வாங்கிய பிறகுதான் முயல்களின் ஆட்சி முடிந்தது. 1974 முதல் ஓர் அறக்கட்டளை அந்த நிலத்தை நிர்வகிக்கிறது. மாளிகையில் இருக்கும் கிளப்புக்கு மைதானம் சொந்தம் என்று பலரும் எண்ணுகிறார்கள், அது சரியன்று.

கால்ஃப் தெரியாத குடும்பத்தினரோடு செல்பவர்கள், பக்கத்திலேயே உள்ள ஹிமாலயாஸ் என்ற பட்டிங் திடலைத் தவறவிடக் கூடாது. பெண்கள் ஆடுவதற்கு வேறு இடம் தரப்படாத காலத்தில், 1867-இல் தொடங்கப்பட்ட மகளிர் பட்டிங் கிளப்பின் திடல் அது. சில பவுண்டுகள் கொடுத்தால் யாரும் ஆடலாம். மேடும் பள்ளமுமான அந்தப் புல்வெளியில், ஊரிலிருந்து வந்திருந்த என் அத்தை புடவையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆடி எங்கள் அனைவரையும் தோற்கடித்தார்.

சென்னை உறுப்பினர்:

கோவை நண்பர் எழுதியதில் ஒரு சிறு மாறுபாடு எனக்கு உண்டு. கடல் தெரியாது என்பது முதல் ஆறு ஹோல்களுக்குப் பொருந்தும். ஏழாம் ஹோலிலிருந்து நிலைமை வேறு. அங்கே ஈடன் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம் விரிகிறது. நீர் வற்றிய நேரத்தில் சேற்றுப்பரப்பு வெள்ளியாய் மின்னுவதையும், அதன் மேல் பறவைக் கூட்டம் எழுந்து திரும்புவதையும், முட்புதர்கள் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் மே மாதத்தில் ஒரு முறை பார்த்தால் போதும், அழகில்லை என்ற சொல் வாயில் வராது.

அந்த முகத்துவாரத்தை ஒட்டிய பதினோராம் ஹோல்தான் எனக்கு மறக்க முடியாதது. பார் மூன்று, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டிய ஹோல், தூரம் 170 கஜத்தை ஒட்டியதுதான். நந்தனத்தில் காஸ்மோபாலிடன் கிளப் மைதானத்தில் அந்தத் தூரத்துக்கு எந்த மட்டையை எடுப்பது என்று யோசிக்கவே மாட்டேன். அங்கே நான் நின்றபோது காற்று முகத்தில் அறைந்தது; எனக்கு முன் ஆடிய உள்ளூர்ப் பெரியவர் மிகத் தொலைவுக்கு அடிக்க உதவும் டிரைவர் மட்டையை உருவினார், நகைச்சுவைக்கு என்று நினைத்தேன், இல்லை. முன்னால் ஸ்ட்ராத் பங்கர், இடப்பக்கம் ஹில் பங்கர், கிரீனோ பின்னிருந்து முன்னோக்கிச் சரிகிறது. பந்து கொடிக்கு மேலே நின்றுவிட்டால், தொட்டவுடன் அது பங்கர் வரை ஓடிவிடும்.

1921 ஓப்பன் போட்டியின் மூன்றாம் சுற்றில் பத்தொன்பது வயது அமெரிக்க வீரர் பாபி ஜோன்ஸ், அந்த ஹில் பங்கரில் சிக்கிப் பொறுமையிழந்து, ஹோலை முடிக்காமலேயே பந்தைக் கையில் எடுத்துப் போட்டியிலிருந்து விலகினார். அப்படி வெறுத்துப் போன அதே மைதானத்தில்தான் 1927-இல் ஓப்பனையும், 1930-இல் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தையும் வென்றார். தண்டுவட நோயால் நடக்கவே சிரமப்பட்ட அவருக்கு 1958-இல் ஊர் தன் குடியுரிமை மரியாதையை அளித்தது. அவருக்கு முன் அதைப் பெற்ற அமெரிக்கர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். இத்தனையும் எனக்குச் சொன்னவர், டிரைவரை உருவிய அந்தப் பெரியவரே. அவர் ஓய்வுபெற்ற தபால்காரர். ஊர்வாசிகளுக்கான ஆண்டுச் சீட்டில் ஆடுகிறவர். நான் சேமித்துச் சேமித்துக் கடல் கடந்து வந்து ஆடிய மைதானம், அவருக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு நடை.

மதுரை உறுப்பினர்:

ஆடப் போகும் நம்மவர்கள், ஊருக்குள் சவுத் ஸ்ட்ரீட்டில் உள்ள பழைய மெட்ராஸ் காலேஜ் கட்டடத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். பெயரைக் கண்டு நான் திகைத்து நின்றேன். அந்த ஊரில் 1753-இல் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்தை 1789 முதல் மேற்பார்த்தவர். நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டு, மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை அங்கே வளர்த்தெடுத்தார். அது மெட்ராஸ் முறை என்றே பிரிட்டனில் பரவியது. அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளி அது. ஓல்டு கோர்ஸிலிருந்து நடந்தே போய்விடலாம்.

ஒரு கேள்வியும் உண்டு. குழு சேராமல் தனியாகப் போகிறவருக்கு வழி இருக்கிறதா? ஆட்டத் திறனைக் காட்டும் ஹேண்டிகேப் சான்று கேட்பார்களா?

கோவை உறுப்பினர்:

சான்று கட்டாயம் வேண்டும். கிளப்பிலிருந்து பெற்றதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகிறவர்கள் முன்பெல்லாம் நள்ளிரவிலிருந்தே திறந்தவெளியில் வரிசையில் காத்துக் கிடந்தார்கள். 2024 முதல் அந்த வரிசைக்குப் பதிலாக, முந்தைய நாள் நேரில் சென்று பெயர் பதிந்தால், மறுநாள் காலியுள்ள இடங்களுக்குக் குலுக்கல் போடுகிறார்கள். அது கிடைக்காத நாளில், அதே மணல்வெளியில் 1895-இல் அவ்வூர் கால்ஃப் வல்லுநர் ஓல்டு டாம் மோரிஸ் அமைத்த நியூ கோர்ஸ் இருக்கிறது, கட்டணமும் குறைவு. சென்னை நண்பர் சொன்ன முகத்துவாரம் அங்கிருந்தும் தெரிகிறது என்பதையும், அவருடைய திருத்தத்தை நான் ஏற்கிறேன் என்பதையும் இங்கே பதிந்துவிடுகிறேன்.