ஏழு கல்லா, ஏழு சிலையா?

வாய்க்கால்மேட்டான்:
எங்க ஊர்க் கன்னிமார் கோயிலுக்குத் தை மாசம் கும்பாபிஷேகம். வேப்பமரத்தடியில இருக்கற ஏழு கல்லையும் எடுத்துட்டு, திருமுருகன்பூண்டியில ஏழு சிலை செய்யச் சொல்லலாம்னு ஊர்க்கூட்டத்துல பேச்சு. எனக்கு மனசு ஒப்பலைங்க. நீங்கெல்லாம் என்ன சொல்றீங்க?

உளிச்சத்தம்:
பூண்டியில உளி புடிக்கறவன் நான், எனக்கு இதுல பொழப்பும் இருக்குது, அதை முதல்லயே சொல்லிடறேன். ஏழு கல்லுல எது யாருன்னு உங்க ஊர்ல எத்தனை பேருக்குத் தெரியும்? சிலைன்னா பிராமிக்கு அன்னம், மகேஸ்வரிக்குக் காளை, கௌமாரிக்கு மயில், வராகிக்குப் பன்றி முகம். பார்த்ததும் புரியும். திருச்செங்கோட்டுல அர்த்தநாரீஸ்வரர் வலப்பக்கம் வேட்டி, இடப்பக்கம் சேலைன்னு ஒரே உடம்புல நிக்கறாரே, அதைவிடச் சுருக்கமா யாரால சொல்ல முடியும்?

வாய்க்கால்மேட்டான்:
நீங்க சொல்றது சப்தமாதர்ங்க. மாதர்னா தாய்மார். எங்களுது கன்னிமார், கல்யாணமாகாத புள்ளைங்க. அதான் காதோலை கருகமணி வெச்சுக் கும்பிடறோம். "உச்சிப்பொழுதுல வாய்க்காப் பக்கம் போகாத, புள்ளைங்க குளிக்கற நேரம்"னு எங்க ஆத்தா விரட்டும். அந்தப் புள்ளைக்குப் பன்றி முகம் எதுக்குங்க?

காவிரிக்கரை அக்கா:
ஈரோட்டு மாரியம்மன் நோம்பிக்கு நடற கம்பத்துக்கு மூக்கு முழி இருக்குதா? மூணு கவை விட்ட மரம். ஆத்தாளுக்குப் புருசன்னு குடங்குடமாத் தண்ணி ஊத்தறோம், நோம்பி முடிஞ்சா பிடுங்கித் தண்ணியில விடறோம். கொடுமுடியில பிரம்மாவுக்கு மூணு முகந்தான், நாலாவது முகம் வன்னி மரம்னு சொல்லுவாங்க.

உளிச்சத்தம்:
அக்கா, எனக்குத் தோதா எடுத்துக் குடுத்துட்டீங்க. மூணு முகத்தைச் செதுக்கி வெச்சதாலதான் மரம் நாலாவது முகமாச்சு. இல்லாட்டி அது சும்மா வன்னி மரம்.

காவிரிக்கரை அக்கா:
வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டேன் போல. ஆனா பார்த்ததும் புரியும்ங்கறதை ஒத்துக்க மாட்டேன் தம்பி. பழனியில கோவணத்தோட ஆண்டி, சாயரட்சைன்னு சாயங்காலப் பூசைக்கு அதே சிலை ராஜா அலங்காரத்துல. எதைப் பார்த்து எதைப் புரிஞ்சுக்கறது?

மணியாட்டி:
திருப்பணி ஆரம்பிக்கறப்ப பாலாலயம்னு தற்காலிக ஏற்பாடு பண்ணிச் சாமியைக் கும்பத் தண்ணியிலயோ அத்திப் பலகையிலயோ எழுந்தருளச் செய்வாங்க. அத்தனை நாளும் கருவறைச் சிலைக்குப் பூசை கிடையாது. சாமி தண்ணியில இருக்க முடியும்னா சிலை எதுக்கு?

உளிச்சத்தம்:
முடிஞ்சதும் சிலைக்குத்தானே திரும்பி வர்றார்? குடத்துலயே இருந்துக்கலையே.

வாய்க்கால்மேட்டான்:
இன்னிக்குச் சாயங்காலம் போய்ப் பார்த்தேன். எண்ணெய் ஊறி ஏழும் கருகருன்னு இருக்குது. மூணாவது கல்லுல ஒரு குழி, கட்டைவிரல் நுழையற அளவு. அதுல மஞ்சள் எப்பவும் காயறதே இல்லை. ஆத்தாளுக்குக் கடைசிக் காலத்துல கண்ணு தெரியாது. கல்லு கல்லாத் தடவிட்டு வந்து அந்தக் குழியில விரல் பட்டதும் நின்னுக்கும். "இவதான் என்ற கன்னி"ம்பா. புதுசா வழவழன்னு செதுக்கின முகத்துல அந்தக் குழி எங்க இருக்கும்?

உளிச்சத்தம்:
அதை என்னால செதுக்க முடியாதுங்க.
ஒண்ணு செய்யலாம். கல்லை எடுக்க வேண்டாம், அது இருந்த இடத்துலயே இருக்கட்டும். சிலை வேணும்ங்கறவங்களுக்குப் பின்னாடி மேடை கட்டி வெச்சுக்கலாம். பன்றி முகம் வேண்டாம், ஏழும் பாவாடை கட்டின புள்ளைங்களாவே செஞ்சு தர்றேன்.

வாய்க்கால்மேட்டான்:
மஞ்சத்தண்ணி முதல்ல யாருக்குங்க?

உளிச்சத்தம்:
கல்லுக்குத்தான்.

வாய்க்கால்மேட்டான்:
அதை ஊர்க்கூட்டத்துல நீங்களே வந்து சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணி, வேப்பமரத்தடியில.