புதுப்பிப்பு: இரவல் ஸ்போர்ட்ஸ் காரில் நீண்ட பயணம், போய் வந்தாச்சு

நண்பனின் ஸ்போர்ட்ஸ் காரை இரவல் வாங்கி ஐந்து நாள் பயணம் போக என்னென்ன பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் காப்பீட்டில் என் பெயரையும் சேர்த்தோம். வேகத்தடையில் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றச் சொன்ன யோசனைதான் உண்மையில் கைகொடுத்தது. ஒரே ஒரு முறை சோம்பலில் நேராக ஏற்றினேன். அடியில் 'கர்ர்' என்று ஒரு சத்தம், ஒரு கீறல். நண்பனிடம் சொல்லிவிட்டேன், திட்டவில்லை.

எதிர்பாராதது பஞ்சர். ஸ்டெப்னி கிடையாது, ஓட்டை அடைக்கும் திரவம் மட்டும்தான் என்று தெரியும். மூன்றாம் நாள் ஆணி குத்தியதும் பாட்டிலை எடுத்தால், காலாவதியாகி இரண்டு வருடம்! குலுக்கினால் அசையக்கூட இல்லை. அப்புறம் காரை லாரியில்தான் ஏற்றிப் போனோம். இரவல் வாங்குபவர்கள் கிளம்பும் முன்பே அந்தத் தேதியைப் பார்த்துவிடுங்கள்.