பழைய வீட்டுக் கணினிக்கு டெபியனா, மின்ட்டா, ஃப்ரீபிஎஸ்டியா?

பாமணிக்கரை:
மன்னார்குடிப் பக்கம் கிராமம். மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். இணையம் போன் வழியாகத்தான். பிரின்டர் எச்பி லேசர்ஜெட் 1020. யுபிஎஸ் கிடையாது, ஐப்பசி பிறந்தால் கரண்ட் சொல்லாமல் போகும். பிரவுசர், பிள்ளைகள் பாடம், தமிழ்99 (தமிழ் விசைப்பலகை முறை) தட்டச்சு, இவ்வளவுதான் வேலை. டெபியன், மின்ட், ஃப்ரீபிஎஸ்டி என்ற இலவச ஓஎஸ்களில் (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) எதைப் போடலாம்?

வெண்ணாறு:
டெபியன், எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப்போடு. நெட்இன்ஸ்ட் (இணையம் வழி நிறுவும் வகை) வேண்டாம். அதன் ஐஎஸ்ஓ (நிறுவல் கோப்பு) சின்னதுதான், ஆனால் மீதியெல்லாம் நிறுவும்போது இறங்கும். போன் டேட்டா தீர்ந்தால் பாதியில் நிற்கும். லைவ் ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் எழுதி, நிறுவாமலே முதலில் ஓட்டிப் பாருங்க.

ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறை) எக்ஸ்ட்4. கரண்ட் போய் வந்தால் ஜர்னலை (மாற்றங்களை முன்கூட்டி எழுதிவைக்கும் குறிப்பு) பார்த்துச் சில நொடியில் சரிசெய்துகொள்ளும். ஆனால் அது காப்பது டிஸ்க்கின் கட்டமைப்பை. சேமிக்காத கடிதம் போனது போனதுதான். லிப்ரெஆபிஸ் தானியங்கி மீட்பை 10 நிமிடத்திலிருந்து 2 ஆக்கிடுங்க.

1020-ஐ ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினியிலிருந்து ஃபர்ம்வேர் (பிரின்டருக்குள் ஓடும் மென்பொருள்) ஏறணும். எச்பிலிப் என்ற எச்பி பிரின்டர் மென்பொருளை நிறுவி, அதன் பிளகினையும் (கூடுதல் துணைக்கோப்பு) இறக்குங்க. இல்லாவிட்டால் பிரின்டர் பெயர் தெரியும், தாள் மட்டும் வராது. எச்பிலிப் பதிப்பு மாறினால் பிளகினும் மாறணும்.

குடமுருட்டி:
ஃப்ரீபிஎஸ்டியும் கரண்ட் வெட்டைத் தாங்கும். அதன் இரண்டு ஃபைல் சிஸ்டங்களில், 4 ஜிபி ரேமுக்கு இசட்எஃப்எஸ்ஸை விட ஜர்னலோடு யுஎஃப்எஸ் நல்லது. ஆனால் 14 வரிசையில் நிறுவி முடித்தால் வருவது வெறும் லாகின் திரை. எக்ஸ்ஆர்க் (திரையில் ஜன்னல்களைக் காட்டும் மென்பொருள்), டெஸ்க்டாப், இன்டெல் கிராபிக்ஸுக்கு டிஆர்எம்-கேமாட் என்ற டிரைவர் எல்லாம் தனித்தனியாக நிறுவணும். உங்க பயனர் பெயரை வீடியோ குழுவில் (கிராபிக்ஸைப் பயன்படுத்த அனுமதி உள்ளவர்கள்) சேர்க்கணும். கற்க ஆசையிருந்தால் இரண்டாவது கணினியில் போடுங்க. அதே குடும்பத்து ஓபன்பிஎஸ்டி இந்த வீட்டுக்கு ஆகாது: ஜர்னலே இல்லை, கரண்ட் போகும்போதெல்லாம் டிஸ்க்கைச் சலித்துக்கொண்டிருக்கும்.

அரசலாறு:
மின்ட்டைத் தள்ளாதீங்க. 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை அப்டேட் உண்டு, புதியவருக்குக் கைபிடிப்பு அதிகம். எதைப் போட்டாலும் முதல் செலவு 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும் வேகமான சேமிப்பகம்). இந்த ஹார்ட் டிஸ்க்கில் எல்லாமே நத்தைதான். அப்படியே மதர்போர்டின் சிஆர்2032 செல்லையும் (கடிகாரத்தையும் அமைப்புகளையும் காக்கும் பொத்தான் பேட்டரி) மாத்துங்க. செல் செத்திருந்தால் கரண்ட் வந்ததும் பயாஸ் (ஓஎஸ்ஸுக்கு முன் ஓடும் தொடக்க மென்பொருள்) எஃப்1 விசையைக் கேட்டு நிற்கும், பூட் வரிசை (எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்குவது என்ற வரிசை) கலையும். தேதி பின்னுக்குப் போய், பிரவுசர் சான்றிதழ் பிழை காட்டலாம். ஓஎஸ் கெட்டுப்போச்சு என்று மறுபடி நிறுவ உட்கார்ந்துடாதீங்க.

பாமணிக்கரை:
டெபியன் லைவ் பார்க்கிறேன். தமிழ்99-இல் மெய்யெழுத்துப் புள்ளி தானாக விழுமா?

வெண்ணாறு:
ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சு மென்பொருளைப் போட்டு, அதில் தமிழ்99-ஐ எடுத்தால் விழும்: அ, ப, ப, ஆ தட்டினால் அப்பா. கீபோர்டு லேஅவுட் பட்டியலில் உள்ள தமிழ்நெட்99-ஐ எடுத்தால் விழாது. நிறுவியபின் ஒருமுறை லாக்அவுட் செய்யணும்.