கோண்டாவில் வீடு (குடும்பம்)

சாந்தி அக்கா: சின்னம்மாவுக்குப் பல் மினுக்கும்போது முரசால் இரத்தம் வருகுதாம். முழங்கையிலும் நீலமாய்க் கண்டிருக்கு. வீட்டில் யார் நிற்கிறீர்கள்?

குமார்: நான் சுன்னாகம் சந்தையில். திவசத்துக்குச் சரக்குத்தூள் சாமான்

பெரிய மாமா: பதறாதே பிள்ளை. மஞ்சளும் உப்பும் போட்டுக் கொப்பளிக்கட்டும்

சாந்தி அக்கா: ஐயோ மாமா, மஞ்சள்தான் வினையே! தலைமாட்டில் மஞ்சள் குளிசைப் போத்தல், பாதி முடிஞ்சிருக்கு. அவ இதய வால்வு மாற்றியதிலிருந்து, இரத்தம் கட்டியாகாமல் இருக்க வாபரின் குடிக்கிறவ அல்லோ

குமார்: ரொறன்ரோ போத்தல் 😄

விஜி: மூட்டு நோவுக்கென்று அனுப்பினேன். டொக்டரிடம் கேட்டுக் குடிக்கச் சொன்னேனே

லீலா மாமி: எனக்கும் முழங்கால் நோவுதான். ஒருவரும் ஒன்றும் அனுப்பவில்லை

பெரிய மாமா: 74 வயதாய் மஞ்சள் போட்ட கறிதான் தின்னுறன். எனக்கு என்ன வந்தது?

சாந்தி அக்கா: கறி மஞ்சள் வேறு மாமா. தூளில் குர்குமின் என்கிற மஞ்சளின் சத்து 100 கிராமுக்கு 3 கிராம் அளவுதான், அதையும் குடல் சரியாக உறிஞ்சாது. குளிசையில் அதைப் பிரித்தெடுத்துச் செறிவாக்கி, மிளகுச் சத்தும் சேர்த்திருக்கு. மிளகுச் சத்தோடு கொடுத்தால் உறிஞ்சல் 20 மடங்கு என்று 1998இல் பெங்களூரில் பார்த்திருக்கிறார்கள். 2018இல் நியூசிலாந்தில் வாபரின் குடிக்கிற ஒருவர் இப்படி மஞ்சள் தொடங்கி, சில கிழமையில் ஐ.என்.ஆர். 10ஐத் தாண்டியது. அது இரத்தம் உறையச் செல்லும் நேரத்தைக் காட்டுகிற அளவு, கூடினால் இரத்தம் கசியும். சின்னம்மாவுக்கு 3 சொச்சத்துக்குள் நிற்க வேணும். பித்தப்பைக் கல் உள்ளவர்களும் இந்தக் குளிசையைத் தொடக்கூடாது

லீலா மாமி: சரி, எனக்கு வேண்டாம்

பெரிய மாமா: 2020இல் இறக்குமதியை மறித்து மஞ்சள் விலை ஏறினபோது, மன்னார்ப் பக்கம் கடலால் வந்த மூட்டைகளைப் பிடித்தார்கள். அப்போது அனுப்பியிருந்தால் உடைத்துக் கறிக்காவது போட்டிருப்போம்

விஜி: மாமா 🙏

குமார்: மஞ்சள் தூளாய் வாங்கவா, கொம்பாயா?

சாந்தி அக்கா: கொம்பு. தூளில் நிறத்துக்கு ஈயச் சாயம் கலந்து பங்களாதேஷில் பிடிபட்டது. அதை விடு, ஆட்டோ பிடித்து அவவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ! போத்தலையும் எடு, டொக்டருக்குக் காட்ட

சின்னம்மா: 🎤 0:47

விஜி: இங்கே சத்தமாய் இருக்கு. என்ன சொல்கிறா?

குமார்: முற்றத்தில் மிளகாய் காயுதாம், காகம் கிளறுதாம். அதை அள்ளி வைத்துவிட்டுத்தான் வருவாவாம்

சாந்தி அக்கா: மிளகாயாவது மண்ணாவது! மாமா, நீங்கள்தான் கிட்ட. போங்கோ

பெரிய மாமா: சைக்கிளுக்குக் காற்றில்லை

லீலா மாமி: போன கிழமை கோயிலுக்குப் போக மட்டும் இருந்தது

குமார்: அரைக் கிலோவா ஒரு கிலோவா? கடைக்காரர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்