1500 குறைகள் நிரூபிக்கப்பட்டனவா? ஜாவின்ஸ் வழக்கை முன்வைத்து ஒரு மறுப்பு

வாய்தா:
வாடகைத் தகராறு ஏதாவது நீதிமன்றம் ஏறிச் செய்தியாகும்போதெல்லாம் ஒரே கதை தூசி தட்டி எடுக்கப்படுகிறது. நேற்று நண்பர் குடக்கூலி, வாஷிங்டனில் குடியிருந்தவர்கள் 1500 குறைகளை நிரூபித்து, வாடகையும் கொடுக்காமல் வீட்டு உரிமையாளரைத் தோற்கடித்தார்கள் என்றும், வழக்கை ஊரறியச் செய்தால்தான் நீதி கிடைக்கும் என்றும் எழுதியிருந்தார். இதை நம்பி ஒருவர் வாடகையை நிறுத்திவிட்டுப் பேட்டி கொடுக்கக் கிளம்பினால், பிறகு வரும் காலி செய்யும் உத்தரவுக்கு இவரா பொறுப்பேற்பார்?

நடந்தது இதுதான். கிளிஃப்டன் டெரஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்த சிலர் 1966 ஏப்ரல் மாத வாடகையைச் செலுத்தவில்லை. அவர்களை வெளியேற்ற உரிமையாளர் வழக்குத் தொடுத்தார்; அதுதான் ஜாவின்ஸ் வழக்கு. வாடகை பாக்கி இருப்பதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள். வீட்டுவசதி விதிகளுக்கு முரணாக ஏறத்தாழ 1500 குறைகள் இருப்பதற்குச் சான்று காட்ட முன்வந்தார்கள். விசாரணை நீதிமன்றம் அதைக் கேட்கவே மறுத்துவிட்டது. 1970 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம், கேட்டிருக்க வேண்டும் என்று கூறி வழக்கைத் திருப்பி அனுப்பியது. அந்தத் தேதி வரை ஒரு குறைகூட நிரூபிக்கப்படவில்லை. நண்பர் தம் பதிவைத் திருத்த வேண்டும்.

குடக்கூலி:
ஐயா வழக்கம்போல் இலையை எண்ணிக்கொண்டு மரத்தைக் கோட்டைவிட்டிருக்கிறார். வாடகைக்கு விட்ட வீடு வாழத்தக்க நிலையில் இருக்கும் என்ற உத்தரவாதம், ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட எழுதப்படாவிட்டாலும் அதற்குள் அடங்கியிருக்கிறது என்று அந்தத் தீர்ப்பில்தான் நீதிபதி ஸ்கெல்லி ரைட் எழுதினார். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுதவனுக்காகப் பிறந்த பழைய விதியை நகரத்துக் குடியிருப்பில் இருப்பவன் தலையில் கட்ட முடியாது என்றும், இவன் வாடகை கொடுப்பது சுவர், கூரை, வெளிச்சம், காற்றோட்டம், தண்ணீர்க்குழாய், தாழ்ப்பாள் போட்டால் நிற்கும் கதவு ஆகிய அனைத்தும் சேர்ந்த ஒன்றுக்குத்தான் என்றும் சொன்ன தீர்ப்பு அது. அமெரிக்காவின் பல மாநிலங்கள் பின்பற்றிய அந்தத் தீர்ப்பை ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு சிறுமைப்படுத்துவது யாருக்கு உதவும் என்பது படிப்பவர்களுக்குத் தெரியும்.

வாய்தா:
தீர்ப்பின் பெருமையை நான் மறுக்கவில்லை. 1500 குறைகள் நிரூபிக்கப்பட்டன என்பதைத்தான் மறுக்கிறேன். அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதைப் படிப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம். வழக்கு நடக்கும் காலத்தில் சேரும் வாடகையை நீதிமன்றத்தில் செலுத்தும்படி உத்தரவிடலாம் என்று அதே தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்று சொல்வதையும் நண்பர் சௌகரியமாக விட்டுவிட்டார். 1960ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவும், வெளியேற்ற மனுவை எதிர்த்து வழக்காட வேண்டுமானால் பாக்கி முழுவதையும் முதலில் கட்டு என்றுதான் சொன்னது. வாடகை கொடுக்காமலே வென்றார்கள் என்ற கதைக்குச் சட்டத்தில் இவ்வளவுதான் இடம்.

மேல்மாடி:
வாய்தா ஐயாவின் விளக்கத்திற்கு நன்றி. செய்தியில் அழுவது எப்போதும் குடியிருப்பவர்தான். வீடு கட்டக் கடன் வாங்கியவன் அழுதால் படம் எடுக்க ஆள் வருவதில்லை. எங்கள் வீட்டில் இருந்தவர் எட்டு மாத பாக்கி வைத்துவிட்டு, சுவரில் ஓதம் ஏறிய படம் ஒன்றை ஊர் முழுக்கப் பரப்பினார். குறுக்கு விசாரணையில் எங்கள் வக்கீல் அந்தப் படத்தை அவர் கையில் கொடுத்து, இதில் தெரியும் ஜன்னல் எந்த அறையில் இருக்கிறது என்று கேட்டார். எங்கள் வீட்டில் கம்பி நேராக இருக்கும். படத்தில் இருந்ததோ பூவேலைக் கம்பி. அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரே தவிரப் பதில் சொல்லவில்லை. அந்தக் காட்சி எந்தச் செய்தியிலும் வரவில்லை. மும்பையில் 1940ஆம் ஆண்டு வாடகையையே கட்டிக்கொண்டு பல தலைமுறை குடியிருந்தார்களே, அதற்கு இடம் கொடுத்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 1997இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததையும் யாராவது எழுதுங்கள்.

குடக்கூலி:
ரத்து செய்யவில்லை. 1940 செப்டம்பர் 1ஆம் தேதி நிலவிய வாடகையில் உறைய வைத்த அந்தப் பிரிவுகள் காலப்போக்கில் நியாயமற்றவையாகிவிட்டன என்று மால்பே விஸ்வநாத ஆசார்யா வழக்கில் நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால், சட்டத்தின் ஆயுள் 1998 மார்ச் 31இல் முடியவிருந்ததால் அதை ரத்து செய்யாமல் விட்டது. எண்ணுக்கு எண், எழுத்துக்கு எழுத்து பார்க்கும் வாய்தா ஐயா இதைத் திருத்தச் சொல்வாரா? அல்லது திருத்தம் என்பது குடியிருப்பவர் பக்கம் பேசுபவர்களுக்கு மட்டும்தானா?

வாய்தா:
மும்பை வழக்கு வேறு விஷயம். இங்கே பேசப்படுவது 1500.

குடக்கூலி:
எதிர்பார்த்த பதில்தான். சென்ற மாதம் முன்பணத்தைத் திருப்பித் தருவது பற்றிய விவாதத்திலும் இப்படித்தான், தமக்கு வேண்டியவர் பிழைவிட்டபோது ஐயாவின் கண்ணாடி தொலைந்துபோயிருந்தது.

நெசவாளி:
இருவரும் நீதிமன்ற வராந்தாவை விட்டு வெளியே வாருங்கள். 1915இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் முதல் உலகப் போரைச் சாக்காக வைத்து வாடகையை ஏற்றினார்கள். மேரி பார்பரும் அவரோடு இருந்த பெண்களும் கூடுதல் வாடகையைக் கட்ட மறுத்தார்கள். வெளியேற்ற அமீனா வந்தால் ஒருத்தி மணி அடிப்பாள். மாடிப்படிகள் முழுக்கப் பெண்கள் நிறைந்துவிடுவார்கள். வந்தவர் மேல் மாவை வீசித் திருப்பி அனுப்புவார்கள். நவம்பர் 17 அன்று ஆயுதத் தொழிலாளர்கள் வாடகை பாக்கிக்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டபோது, கப்பல் கட்டும் தளங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வேலையைப் போட்டுவிட்டு வந்து வெளியே நின்றார்கள். வழக்கு கைவிடப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் வாடகையைப் போர் தொடங்கியபோதிருந்த அளவில் நிறுத்தும் சட்டம் வந்தது. ஊரறியச் செய்ததால் வந்த நீதி இல்லையென்றால் இது வேறு என்ன?

வாய்தா:
வழக்கு கைவிடப்பட்டது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். கைவிடப்பட்ட வழக்கில் தீர்ப்பு இல்லை. தீர்ப்பு இல்லாத இடத்தில் குடியிருப்பவர்கள் வழக்கில் வென்றார்கள் என்று எப்படிச் சொல்வது? போர்க்காலத்தில் ஆயுத உற்பத்தி நின்றுவிடுமோ என்ற அச்சத்தில் அரசு பணிந்தது. கப்பல் தளம் கையில் இல்லாத ஒற்றைக் குடித்தனக்காரருக்கு அதில் என்ன வழி இருக்கிறது?

நெசவாளி:
மணி அடித்த பெண்களைக் கப்பல் தளத்துக்குப் பின்னால் தள்ளிவிடுவதில் தங்களுக்குத் தனி மகிழ்ச்சி போலிருக்கிறது. ஆண்கள் வந்தது கடைசியில். வாடகை மறுப்பை மாதக்கணக்கில் தாங்கியவர்கள் பெண்கள்.

வாய்தா:
பெண்களைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லாததைச் சொன்னதாக எழுதுவது இந்த விவாதத்தில் ஒரு தொற்றுநோயாகவே பரவிவிட்டது. அதற்கு மூலம் எது என்று கேட்டால் மறுபடியும் அந்த 1500க்குத்தான் போக வேண்டியிருக்கும்.

பார்வையாளர்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வெற்றி என்று இங்கே எதைச் சொல்கிறீர்கள்? தீர்ப்பு சாதகமாக வருவதையா, வீடு பழுதுபார்க்கப்படுவதையா, அல்லது குடியிருப்பவர் அதே வீட்டில் தொடர்ந்து இருப்பதையா? இதை முதலில் முடிவு செய்துகொண்டால் பாதி வாக்குவாதம் தானே அடங்கும் என்று தோன்றுகிறது.

குடக்கூலி:
1500ஐ விட்டுத் தள்ளுங்கள். அதே நீதிமன்றம், அதே நீதிபதி, 1968ஆம் ஆண்டு எட்வர்ட்ஸ் வழக்கு. ஒரு பெண் வீட்டின் குறைகளைப் பற்றி அரசுத் துறையிடம் புகார் கொடுத்தார். துறையினர் வந்து பார்த்தபோது 40க்கு மேற்பட்ட விதிமீறல்கள் கண்டுபிடிக்கப்பட்டு, சரிசெய்ய உத்தரவும் போடப்பட்டது. உடனே உரிமையாளர் 30 நாளில் காலி செய்யும்படி நோட்டீஸ் கொடுத்தார். புகார் கொடுத்ததற்குப் பழிவாங்கும் நோக்கில் ஒருவரை வெளியேற்ற முடியாது என்றது நீதிமன்றம். இந்த 40 ஆய்வில் கண்டுபிடிக்கப்பட்டவை. இதற்கு என்ன சொல்லப்போகிறார் ஐயா?

வாய்தா:
40 வேறு, 1500 வேறு. 1500ஐ விட்டுத் தள்ளுங்கள் என்று எழுதியவுடனேயே விஷயம் முடிந்துவிட்டது. அந்த 40 குறைகளும் அந்தப் பெண் முறைப்படி கொடுத்த ஒரு புகாரால், ஆய்வுக்கு வந்த அலுவலர்களால் பதிவானவை. பேட்டியால் பதிவானவை அல்ல. நண்பர் கொண்டுவந்த சாட்சி எனக்குத்தான் சாட்சி சொல்கிறது.

மேல்மாடி:
அப்படிப் போடுங்கள் ஐயா. 30 நாள் நோட்டீஸ் கொடுப்பதற்கு உரிமையாளருக்கு உரிமை இல்லையா என்பதையும் கேளுங்கள்.

குடக்கூலி:
மேல்மாடி அவர்களே, முதலில் மும்பைச் சட்டம் ரத்தானது என்று எழுதியதைத் திருத்திவிட்டுக் கைதட்டுங்கள். பூவேலைக் கம்பிக் கதையைச் சொன்ன தாங்கள், எட்டு மாதமும் உங்கள் சுவர் உலர்ந்துதான் இருந்ததா என்பதைச் சொல்லவே இல்லை.

மேல்மாடி:
என் சுவரைப் பற்றித் தங்களிடம் வாக்குமூலம் கொடுக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. ரத்து செய்வதும் நியாயமற்றது என்று சொல்வதும் நடைமுறையில் ஒன்றுதான்.

குடக்கூலி:
அப்படியானால் நிரூபித்ததும் நிரூபிக்க முன்வந்ததும் நடைமுறையில் ஒன்றுதான். வாய்தா ஐயா இதை ஏற்கிறாரா?

வாய்தா:
ஏற்கவில்லை. மும்பை வழக்கை இங்கே கொண்டுவந்தவன் நானல்ல; 1500ஐக் கொண்டுவந்தவர் நீங்கள். உங்கள் பதிவு இப்போதும் திருத்தப்படாமல்தான் இருக்கிறது.