60 லிட்டர் ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கிற கடல்நீர்த் தொட்டி): வாராவாரம் தண்ணி மாத்தியும் நைட்ரேட் 40லயே நிக்குது

நானோ60:
வணக்கம். சென்னை. 60 லிட்டர் டேங்க், பாறை, மணல் போக தண்ணி 50 லிட்டர் வரும். நாலு மாசமா ஓடுது. ஸ்கிம்மர் (நுரையாக்கிக் கழிவைப் பிரிக்கிற கருவி) கிடையாது. டேங்கோட பின் அறையில ஸ்பாஞ்ச், செராமிக் ரிங், கார்பன். மீன்ல ரெண்டு கிளவுன், ஒரு கோபி. பவளத்துல ஸோவா, மஷ்ரூம், ஒரு லெதர், எல்லாம் மென்பவளம். தினம் ஒரு க்யூப் ஃப்ரோசன் ஆர்ட்டீமியா (உறைய வச்ச சின்ன இறால் தீனி). ஞாயித்துக்கிழமை 5 லிட்டர் மாத்துறேன்.

நேத்து எடுத்த அளவு: உப்பு 35 (கிலோவுக்கு கிராம்), நைட்ரேட் 40, பாஸ்பேட் 0.25 (ரெண்டும் லிட்டருக்கு மில்லிகிராம்), ஆல்கலினிட்டி (அமிலத்தைத் தாங்குற கார்பனேட் அளவு) 6.5 டி.கே.எச். (அதோட அலகு), கால்சியம் 400, அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0. வெப்பம் 28லேர்ந்து 29.5. மேல ஃபேன் ஓடுறதால தினம் ஒன்றரை லிட்டர் ஆவியாகுது, மூணு நாளைக்கு ஒரு தடவை நிரப்புறேன். தண்ணி வீட்டு ஆர்.ஓ., டி.டி.எஸ். (கரைஞ்சிருக்கிற மொத்தப் பொருள்) 85.

பாறை பூரா பச்சை முடிப்பாசி. ஸோவா பாதி மூடியே இருக்கு. பாஸ்பேட் ரிமூவர் போட்டா சரியாகுமா?

அலைவாய்:
ரிமூவர் இருக்கட்டும், முதல்ல நைட்ரேட் கணக்கைப் பாருங்க. 50 லிட்டர்ல 5 லிட்டர் மாத்தினா உள்ள இருக்கிறதுல பத்துல ஒரு பங்குதான் வெளிய போகும். 40 இருந்தா 4 குறையும். அந்த வாரம் தீனியால 4 ஏறினா மறுபடி 40. எத்தனை ஞாயிறு மாத்தினாலும் அங்கயேதான் நிக்கும். டெஸ்ட் கிட்டுல தப்பில்ல, உள்ள வர்றதும் வெளிய போறதும் சமமா இருக்கு.

மூணு சின்ன மீனுக்கு ஒரு முழு க்யூப் ரொம்ப அதிகம். கால் க்யூப் போதும். அதையும் ஒரு டம்ளர்ல கரைய விட்டு, டீ வடிகட்டியில வடிச்சு, சாறைக் கொட்டிட்டு சதையை மட்டும் போடுங்க.

அடுத்தது அந்த ஸ்பாஞ்ச். மாட்டிக்கிற கழிவு அங்கயே அழுகி நைட்ரேட்டா மாறுது. வாரம் ரெண்டு தடவை, வெளிய எடுத்த டேங்க் தண்ணியிலயே அலசுங்க. குழாய்த் தண்ணி வேண்டாம், குளோரின் இருக்கும். ரிங்கையும் அதே நாள் அலச வேண்டாம், வாரத்துக்குக் கொஞ்சமா போதும். தண்ணி மாத்துறதுக்குக் கால் மணி நேரம் முன்னாடி, 60 மில்லி சிரிஞ்சால பாறை இடுக்கை எல்லாம் பீச்சி விடுங்க. எவ்வளவு மண்டி கிளம்புதுன்னு பார்த்தாலே புரியும்.

இதனால வரவு வாரம் 2 ஆகக் குறைஞ்சு, நீங்க மாத்துறதை 10 லிட்டரா ஏத்தினா 40லேர்ந்து 34, 28, 24, 21னு நாலு வாரத்துல பாதிக்கு வந்துடும். 5லேர்ந்து 10 வரை இருந்தா இந்தப் பவளங்களுக்குத் தாராளம். பூஜ்யமாக்க ஆசைப்படாதீங்க.

உப்புக்கணக்கு:
அண்ணன் சொன்னது சரி. ஆனா ஸோவா மூடுறதுக்கு நான் வேற இடத்தைக் கைகாட்டுவேன். உப்பு 35ன்னு எப்ப அளந்தீங்க? நிரப்பின கையோடன்னா, மூணாம் நாள் நாலரை லிட்டர் குறைஞ்சு 38ஐத் தாண்டியிருக்கும். அப்புறம் ஒரேயடியா நல்ல தண்ணி ஊத்தி 35க்கு இறக்குறீங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை இந்த ஊஞ்சல். தினம் காலையில ஒன்றரை லிட்டர் ஊத்துங்க, முடிஞ்சா ஃப்ளோட் வச்ச ஆட்டோ டாப்-அப் (மட்டம் குறைஞ்சா தானா நிரப்புற கருவி) மாட்டுங்க. ஆவியில உப்பு போகாது, அதனால உப்புத் தண்ணி ஊத்தி ஈடுகட்டக் கூடாது.

85 டி.டி.எஸ்.ஸைச் சும்மா விடாதீங்க. மாசம் 20 லிட்டர்தான் மாத்துறீங்க, நிரப்புறது 45 லிட்டர். லிட்டருக்கு 85 மில்லிகிராம்னா மாசம் 3.8 கிராம் ஏதோ ஒண்ணு உள்ள சேருது. அதுல நைட்ரேட்டா, சிலிக்கேட்டா, பாஸ்பேட்டான்னு மீட்டர் சொல்லாது. வீட்டு மெஷின்ல ருசிக்காக டி.டி.எஸ். கன்ட்ரோலர் மெம்பிரேன்ல (ஆர்.ஓ. வடிகட்டுற சவ்வு) போகாத தண்ணியைக் கலக்கும், சிலதுல மினரல் கார்ட்ரிட்ஜும் இருக்கும். மெம்பிரேன்லேர்ந்து வர்ற குழாயில நேரா ஒரு T வடிவ இணைப்பு போட்டு எடுங்க. டி.டி.எஸ். 600 உள்ள போனா நல்ல மெம்பிரேன் 30க்குக் கொண்டு வரணும். அதுக்குப் பின்னாடி ஒரு டி.ஐ. ரெசின் (மிச்ச அயனிகளைப் பிடிக்கிற மணிகள்) கார்ட்ரிட்ஜ் வச்சா 0. மீட்டர் 0ஐ விட்டு நகர்ந்தா ரெசினை மாத்திடுங்க.

நானோ60:
ரொம்ப நன்றி. ஆமாங்க, நிரப்பினப்புறம்தான் அளந்தேன், ரிஃப்ராக்டோமீட்டரை (ஒளி விலகலை வச்சு உப்பு அளக்குற கருவி) ஆர்.ஓ. தண்ணியில 0 வச்சு. ஆல்கலினிட்டி 6.5ஐ எப்படி ஏத்துறது? வெத்தலைச் சுண்ணாம்பைக் கரைச்சு, தெளிஞ்ச தண்ணியை ஊத்தலாம்னு ஒருத்தர் சொன்னார்.

பவளப்பாறை_மதுரை:
வெத்தலைச் சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். அதுல வேற என்ன இருக்குன்னு டப்பா மேல எழுதியிருக்காது. சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடா இருந்தாலும் தெளிவு நீரோட பி.எச். 12ஐத் தாண்டும். ஒரு லிட்டர் உங்க 50 லிட்டர்ல 2 டி.கே.எச்.சுக்கு மேல ஏத்திடும். சொட்டுச் சொட்டா விடத் தெரிஞ்சவங்களுக்குத்தான் அது. மென்பவளம் மட்டும் இருக்கிற டேங்குக்குத் தேவையுமில்ல.

சமையல் சோடா போதும். பேக்கிங் பவுடர் இல்ல, வெறும் சோடியம் பைகார்பனேட். லிட்டருக்கு 30 மில்லிகிராம் போட்டா 1 டி.கே.எச். ஏறும், உங்க டேங்குக்கு 1.5 கிராம். 6.5லேர்ந்து 8க்கு மொத்தம் 2.25 கிராம். அதை மூணா பிரிச்சு, தினம் 0.75 கிராமை ஒரு டம்ளர் ஆர்.ஓ. தண்ணியில கரைச்சு, பவர்ஹெட் (ஓட்டம் தர்ற சின்ன பம்ப்) முன்னாடி மெதுவா ஊத்துங்க. நகைத் தராசு வாங்கிக்கோங்க, ஸ்பூன் கணக்கு ஆகாது. ஒரு நாளைக்கு 1 டி.கே.எச்.சுக்கு மேல ஏத்தக் கூடாது. ஏத்தி முடிச்சதும் ரெண்டு நாள் எதுவும் போடாம மறுபடி அளங்க. எவ்வளவு இறங்குதோ அதுதான் உங்க டேங்கோட செலவு.

ஆனா அதுக்கு முன்னாடி ரிஃப்ராக்டோமீட்டர். 0ல சரியா நின்னாலும் 35ல பிசகலாம். 3.65 கிராம் சோடியம் குளோரைடை 96.35 கிராம் சுத்தத் தண்ணியில கரைச்சா அது 35 காட்டணும். காட்டலைன்னா அங்க திருகி வைங்க. கல்லுப்புல ஈரம் இருக்கும், உலர்ந்த தூள் உப்பு எடுங்க. மீட்டர் குறைச்சுக் காட்டுதுன்னா உங்க 35 உண்மையில 37ஆ இருக்கலாம். அப்புறம் மத்த சிகிச்சை எல்லாம் வீண்.

அலைவாய்:
ரிமூவர் பத்தி விட்டுட்டேன். பாறை பாஸ்பேட்டை உறிஞ்சி வச்சிருக்கும். தண்ணியில குறைஞ்சா மறுபடி வெளிய விடும். அதனால முதல் வாரம் 0.1க்கு இறங்கி அடுத்த வாரம் 0.2 காட்டினா பயந்து இன்னும் கொட்டாதீங்க. இரும்பு ஆக்சைடு ரிமூவர்னா பாக்கெட்ல சொன்ன அளவுல கால் பங்கு, மெல்லிய பையில கட்டி ஓட்டத்துல வைங்க, நாலு நாளைக்கு ஒரு தடவை அளங்க. சடார்னு இறக்கினா பவளம் வெளிறும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ரெண்டும் 0க்குப் போனா, முடிப்பாசி போய் பழுப்பு நிறத்துல குமிழி கட்டின டைனோ (டைனோஃப்ளாஜெல்லேட்ங்கிற நுண்ணுயிர்) வரும். அதுக்கு இந்தப் பச்சைப் பாசியே தேவலாம்! பாஸ்பேட் 0.05 பக்கம் நிறுத்திக்கோங்க.

இருக்கிற பாசியைக் கையால பிடுங்கி, சைஃபன் ட்யூப் பக்கத்துல பிடிச்சு உறிஞ்சிடுங்க. உள்ளேயே விட்டா செத்து அதே நைட்ரேட்டா திரும்பி வரும்.

உப்புக்கணக்கு:
10 லிட்டர் மாத்தும்போது உப்பு ஏறக்குறைய 370 கிராம் ஆகும், பிராண்டைப் பொறுத்து. தண்ணியில உப்பைப் போடுங்க, உப்பு மேல தண்ணியை ஊத்தினா கால்சியம் வெள்ளையா படிஞ்சிடும். பம்ப் வச்சுக் கலக்கி, வெப்பமும் உப்பும் டேங்கோட ஒத்துப்போன பிறகு ஊத்துங்க. இப்ப 38 இருந்தா, புதுத் தண்ணியை 35ல கலந்து மாத்தினா ஒரு தடவைக்கு 0.6தான் இறங்கும். அந்த வேகமே நல்லது.